இறக்கமும் நடுக்கமும்

பொறியொன்றிற் பழுது ஏற்படும்போது பழுதுற்ற உறுப்பை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம்மவரிற் பெரும்பாலோரின் நம்பிக்கையாகும். பல வேளைகளில் இந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. எரிந்துபோன மின்குமிழை மாற்றினால் வெளிச்சம் வருகின்றது. அறுந்த செருப்பின் வாரை மாற்றினால் நடக்க முடிகின்றது. ஆயினும், மாற்றிய சில மாதங்களுக்குள் அதே பழுது அதே இடத்தில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுமாயின், அப்பொழுது கேட்கவேண்டிய வினா வேறாகும். பழுதுற்றது எது என்ற வினாவை விடுத்து, அதனைப் பழுதாக்குவது எது என்ற வினாவை எழுப்பவேண்டியதாகின்றது. நுவரெலியாவில் வாழும் ஒரு குடும்பத்தினர் இவ்விரண்டாவது வினாவை வந்தடைவதற்கு இரண்டு ஆண்டுகளும் மூன்று சோடிப் பிறேக் தகடுகளும் செலவாயின. அக்குடும்பத்தினரின் வான் பற்றிய கதையே ஈண்டுக் கூறப்படுகின்றது.

வானின் சொந்தக்காரர் முப்பத்தைந்து ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர். வயது அறுபத்தெட்டு. அவருடைய மனைவியார் நெடுங்காலமாக நீரிழிவு நோயால் வருந்துபவர். நோய் விழித்திரையைத் தாக்கியதனால் அவருக்குப் பார்வை பெரிதும் மங்கிவிட்டது. கண்டியிலுள்ள மருத்துவமனைக்கு இரு வாரங்களுக்கொருமுறை செல்லவேண்டியிருந்தது. மலைப்பாதையிலே பேருந்துப் பயணம் அவருடைய உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே 2017 ஆம் ஆண்டில், தமது ஓய்வூதியப் பணிக்கொடையின் பெரும்பகுதியைக் கொடுத்து, பழைய யப்பானிய வான் ஒன்றை ஆசிரியர் வாங்கினார். அது வந்த நாள்முதல் அக்குடும்பத்துக்கு மட்டுமன்றி அயலவருக்கும் அதுவே வாகனமாயிற்று. ஒருவருக்கு இருதயப் பரிசோதனை, மற்றொருவருக்கு மகப்பேறு என்று மாதத்தில் நான்கைந்து தடவையேனும் வான் கண்டிக்கு இறங்கி ஏறியது.

அப்பாதையை அறிந்தவர்க்கு அதனை விவரிக்கவேண்டியதில்லை. நுவரெலியா நகர் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. நகரிலிருந்து சிறிது ஏறி, பின்னர் லபுக்கலைத் தேயிலைத் தோட்டங்களினூடாக வளைந்து வளைந்து றம்பொடைக்கு இறங்கி, புசல்லாவையையும் கம்பளையையும் கடந்து, 500 மீற்றர் அளவு உயரத்திலுள்ள பேராதனையை அப்பாதை அடைகின்றது. மேலேயிருந்து கீழே வருபவருக்கு என்ஜினைவிடப் பிறேக்கே பெரிய துணை என்று தோன்றும். அத்தோற்றம் ஆபத்தானது என்பதை ஆசிரியர் பின்னரே உணர்ந்தார்.

2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், இறக்கத்தில் பிறேக்கை மிதித்தபொழுது ஸ்ரியறிங் அவருடைய கைகளிலே நடுங்கியது. முதலில் பாதையின் குற்றமென்றே எண்ணினார். மறுமுறை நல்ல பாதையிலும் நடுங்கியது. வேகம் குறையக் குறைய நடுக்கமும் குறைந்தது. பிறேக்கிலிருந்து காலை எடுத்தவுடன் அது அறவே நின்றது. சில நாட்களில் மிதிகட்டையும் காலுக்குக் கீழே துடிக்கலாயிற்று. ஊரிலுள்ள கராஜில் வானைக் காட்டியபொழுது, ஒருமுறை ஓட்டிப்பார்த்த மெக்கானிக், "முன் டிஸ்க் ரெண்டும் வளைஞ்சிருக்கு சேர்" என்று உடனே கூறிவிட்டார்.

வளைதல் என்ற இச்சொல்லே இரண்டு ஆண்டு அலைச்சலுக்கு முதற்காரணமாயிற்று எனலாம். தகட்டுப் பிறேக்கின் அமைப்பு எளியது. சில்லுடன் சேர்ந்து ஓர் இரும்புத் தகடு சுழல்கின்றது. அதன் இருபுறமும் உள்ள இரு பாட்டுகளைக் கலிப்பர் என்னும் கவ்வி நெருக்க, உராய்வினால் தகடும் சில்லும் நிதானிக்கின்றன. இங்கிலாந்துப் பொறியியலாளரான பிரெடெரிக் லாஞ்செஸ்டர் இத்தகைய பிறேக்குக்கு 1902 இல் காப்புரிமை பெற்றார். எனினும் அரை நூற்றாண்டு கழித்து, 1953 இல் லெ மான் நெடும்பந்தயத்திலே தகட்டுப் பிறேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பின்னரே உலகம் அதன் அருமையை நன்கு உணர்ந்தது. அதன் சிறப்பு, வெப்பத்தைத் திறந்த வெளியிலே விரைவாக உதறிவிடுவதாகும். பிறேக் பிடித்தல் என்பது உண்மையில் ஊர்தியின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவதேயன்றி வேறன்று. அவ்வெப்பம் முழுவதையும் முதலில் ஏற்பவை அந்த இரும்புத் தகடுகளே.

வெப்பத்தினால் தகடு தட்டையான பப்படம்போல வளைந்துவிடுகின்றது என்று சாரதிகளும் கராஜ்காரரும் பேசிக்கொள்வது வழக்கம். ஆனால் நடுக்கந்தரும் தகடுகளை அளந்துபார்த்தால் பெரும்பாலானவற்றில் காணப்படுவது வேறொரு குறையாகும். தகட்டின் தடிப்பு அதன் சுற்றளவு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஓரிடத்தில் பாட்டின் பொருள் உருகியொட்டித் தடித்திருக்கும். அல்லது மற்றோரிடம் தேய்ந்து மெலிந்திருக்கும். ஒரு மில்லிமீற்றரை நூறு கூறாக்கி அதில் இரண்டு கூறு அளவு வேறுபாடு இருந்தாலே போதும், கையிலும் காலிலும் துடிப்புத் தெரிந்துவிடும். ஒரு தலைமயிரின் தடிப்பிலும் அது மிகக் குறைவாகும். தடித்த இடம் கலிப்பரைக் கடக்குந்தோறும் பாட்டுகள் பின்தள்ளப்படுகின்றன. அத்தள்ளல் பிறேக் எண்ணெய் வழியாக மிதிகட்டைக்கும், சில்லு வழியாக ஸ்ரியறிங்குக்கும் வந்துசேர்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு குறை ஒரு வான் முழுவதையும் உலுக்கும் விதம் இதுவாகும்.

இவையெல்லாம் அந்நாளில் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கவில்லை. தகடுகளைக் கழற்றி லேத்திலே பிடித்துச் சீவினார்கள். மூன்று மாதம் நடுக்கம் இல்லை; நான்காம் மாதம் வந்தது. 2023 ஓகஸ்டில் புதிய சோடி போடப்பட்டது. அது ஆறு மாதம் தாங்கிற்று. 2024 மார்ச்சில் இரண்டாவது சோடி. செப்டெம்பரில் மூன்றாவது சோடியும் விலைகூடிய பாட்டுகளும். ஒவ்வொரு முறையும் முதற் சில வாரங்களில் வான் வெண்ணெயில் வழுக்குவதுபோல நின்றது. அதன் பின்னர் பழைய நடுக்கம் மெல்ல மெல்லத் திரும்பியது. எந்தச் சோடியும் ஏழு மாதங்களைத் தாண்டவில்லை.

செலவும் சிறிதன்று. 2022 மார்ச்சுக்கு முன்னர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் இரண்டொரு மாதங்களில் 350 ரூபாவையும் தாண்டியதை யாவரும் அறிவர். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வோர் உதிரிப்பாகத்தின் விலையிலும் அவ்வீழ்ச்சி எழுதப்பட்டிருந்தது. வானை விற்று வேறொன்று வாங்கலாமெனில், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே. இடைப்பட்ட காலத்தில் பழைய ஊர்திகளின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. இருக்கின்ற வானைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர அக்குடும்பத்துக்கு வேறு வழியில்லை.

காரணம் தெரியாத துன்பம் குற்றஞ்சாட்டுதலிலே முடிவது இயல்பு. மெக்கானிக் தகடு விற்றவரைக் குறைகூறினார். போலிப் பொருள் என்றார். விற்றவர் பூட்டியவரைக் குறைகூறினார். பூட்டத் தெரியவில்லை என்றார். கொழும்பிலே வேலைபார்க்கும் மகன் விடுமுறையில் வந்தபொழுது இரண்டு நாள் பேசாதிருந்து, மூன்றாம் நாள், "அப்பா, இனி நீங்க ஓட்ட வேண்டாம். ஒரு டிரைவரைப் பிடிப்போம். காசு நான் அனுப்புறேன்" என்றான். அவன் அன்பினாலேயே அவ்வாறு கூறினான். எனினும் அச்சொல்லின் அடியில், நடுங்குவது வானன்று, அப்பாவின் கைகளே என்ற ஐயம் கிடந்ததை ஆசிரியர் கண்டுகொண்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு விபத்துமின்றி மலைப்பாதையில் ஓட்டிய மனிதரை அது வருத்தியது. அன்றிரவு அவர் தமது கைகளை விளக்கின் கீழ் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவருடைய மனைவியார் காணவில்லை. ஆனால் கட்டிலில் அவர் நெடுநேரம் உறங்காதிருந்ததை உணர்ந்தார்.

அம்மையாரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. பார்வை மங்கியவரிடம் வானைப் பற்றிக் கேட்பதற்கு என்ன இருக்கின்றது என்று எண்ணினார்கள் போலும். ஆனால் பார்வை மங்கிய பின்னர் அவர் அப்பாதையைக் காதாலும் உள்ளங்கையாலும் அறியப் பழகியிருந்தார். யூக்கலிப்ரஸ் மரங்களின் வாசனை நின்றால் லபுக்கலை. நீர்வீழ்ச்சியின் ஓசை வந்தால் றம்பொடை. முன் இருக்கையிலே கைப்பிடியைப் பற்றியவாறு அமர்ந்திருக்கும் அவருக்கு நடுக்கம் எங்கே தொடங்கும், எங்கே பெருகும் என்பது நன்கு தெரிந்திருந்தது. "என்னங்க, நம்ம வாசல்லேருந்து கெளம்பறப்போ ஒண்ணும் இல்ல. லபுக்கலை தாண்டினாத்தான் ஆட்டமே வருது" என்று ஒருமுறை கூறினார். பிறிதொருமுறை, "எறக்கத்துல என்ஜின் சத்தமே கேக்கமாட்டேங்குதே, நின்னுபோச்சா?" என்றும் கேட்டார். ஆசிரியர் முதலாவதற்கு 'உம்' கொட்டினார். இரண்டாவதற்குச் சிரித்து, "அதெல்லாம் பெற்றோல் மிச்சம் புடிக்கிற வழி. நீ சும்மா இரு" என்றார். அம்மையார் சும்மா இருந்தார்.

2025 சனவரியில், மழை விட்ட ஒரு காலையில், வான் ஐவரோடு கண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. றம்பொடையை அண்மிய வளைவுகளிலே ஸ்ரியறிங் முன்னெப்போதும் இல்லாதவாறு உதறியது. கருகிய நாற்றம் எழுந்தது. அடுத்த வளைவுக்கு முன் ஆசிரியர் பிறேக்கை மிதித்தபொழுது மிதிகட்டை எதிர்ப்பின்றிக் கீழே போயிற்று. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் விரைந்து மிதிக்கவே சிறிது பிடித்தது; கைப்பிறேக்கையும் இழுத்து, மலைப்பக்கத்து வடிகாலோரமாக வானை உரசி நிறுத்தினார். எவருக்கும் காயமில்லை. முன் சில்லுகளிலிருந்து புகை கிளம்பியது. பின்னால் இருந்தவர்களுள் ஒருவர் குடிநீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு சில்லின் மேல் ஊற்ற ஓடினார். அவ்வழியே வந்து நின்ற லொறிச் சாரதி ஒருவர், "தண்ணி ஊத்தாதீங்க ஐயா, டிஸ்க் வெடிச்சிரும். தானா ஆறட்டும்" என்று தடுத்தார். அவர் தடுத்தது சரியே. கொதிக்கும் இரும்பின் ஒருபகுதியை மட்டும் திடீரெனக் குளிரச் செய்தால் அது வெடிக்கவும் கூடும், உண்மையாகவே கோணவும் கூடும்.

மிதிகட்டை ஏன் தளர்ந்தது? பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. புதிதாக இருக்கும்போது 205 பாகை வெப்பத்துக்குக் குறையாமல் கொதிக்கவேண்டிய சாதாரண எண்ணெய், ஈரம் ஏறிய பின்னர் 140 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. திரவத்தை நெருக்க முடியாது, ஆவியை நெருக்கலாம். எனவே காலின் வலிமை குமிழிகளை நெருக்குவதிலேயே செலவாகின்றது. பாட்டுகளை அது சென்றடைவதில்லை. ஒரு மணி நேரம் ஆறியபின் மிதிகட்டை மீண்டும் இறுகியது. லொறிச் சாரதி முன்னே செல்ல, அவர் சொன்னபடி இரண்டாம் கியரிலே, மாட்டுவண்டியின் வேகத்தில், வான் கம்பளைக்கு வந்துசேர்ந்தது. அன்று மருத்துவமனைத் தவணை தவறிப்போயிற்று.

கம்பளையில் அந்தச் சாரதி காட்டிய கராஜ் ஒரு தகரக் கொட்டகை. அதனை நடத்தியவர், எல்லோராலும் 'பாஸ்' என்றே அழைக்கப்பட்ட எழுபது வயது கடந்த ஒரு முஸ்லிம் முதியவர். அவர் வானை உடனே தொடவில்லை. பெஞ்சிலே அனைவரையும் இருக்கச் சொல்லித் தேநீர் வருவித்து, கேள்விகள் கேட்கத் தொடங்கினார். எப்போது தொடங்கியது? எத்தனை தடவை மாற்றினீர்கள்? மாற்றி எத்தனை நாளில் திரும்பி வந்தது? இவற்றுக்கெல்லாம் ஆசிரியர் திகதியோடு விடை கூறினார். "சரி சேர், ஆட்டம் எந்த எடத்துல தொடங்குது?" என்று பாஸ் கேட்டபொழுது ஆசிரியர் தயங்கினார். எங்கும்தான் என்றார். அப்பொழுது அம்மையார் வாய்திறந்து, "எங்கயும் இல்ல. லபுக்கலை தாண்டி அஞ்சாறு வளைவு போனப்பறம். ஏறி வாறப்போ ஒருநாளும் ரொம்ப இருக்காது. எறங்கறப்போ என்ஜின் சத்தமும் இருக்காது" என்றார். பாஸ் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தார். "நியூட்றல்லயா சேர் எறங்குறீங்க?" என்று கேட்டார். ஆசிரியர் பதில் கூறவில்லை. அதுவே பதிலாயிற்று.

அதன் பின்னரே முன் சில்லுகள் கழற்றப்பட்டன. காரணம் ஒன்றன்று, மூன்று என்பது தெரியவந்தது. முதலாவது, தகடு அமரும் ஹப்பின் முகத்திலே துரு தடித்துப் படிந்திருந்தது. புதிய தகடு எத்துணைச் செம்மையானதாயினும், துருவின்மேல் அமரும்போது மயிரளவு சாய்ந்தே அமர்கின்றது. சாய்ந்த தகடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பாட்டை உரசிச் செல்ல, பிறேக் பிடிக்காத வேளையிலும் அவ்விடம் தேய்கின்றது. சில மாதங்களில் தடிப்பு வேறுபாடு உண்டாகி நடுக்கம் பிறக்கின்றது. புதிய தகடுகள் முதலில் நன்றாக நின்று பின்னர் கெட்டமைக்கு இதுவே விளக்கமாகும். லேத்திலே சீவியதும் இதனாலேயே பயன்தரவில்லை. லேத்தில் நேராக ஓடிய தகடு துருப்பிடித்த ஹப்பிலே மீண்டும் சாய்ந்தது. இரண்டாவது, வலப்பக்கக் கலிப்பர் நகரும் ஊசிகளுள் ஒன்று துருவால் இறுகிப் போயிருந்தமையால், காலை எடுத்த பின்னும் ஒரு பாட்டு தகட்டை முற்றாக விடவில்லை. மூன்றாவது காரணம் கராஜிலே காணக்கூடியதன்று. அது சாரதியின் இருக்கையிலே இருந்தது.

பாஸ் தகடுகளை அளந்து பார்த்தார். அவற்றின் விளிம்பிலே வார்க்கப்பட்டிருந்த குறைந்தபட்சத் தடிப்புக்கு மேலாகவே அவை இருந்தன; கடும் வெப்பத்தால் இரும்பு கடினப்பட்டதைக் காட்டும் நீலத் திட்டுகளும் இல்லை. ஆகவே இம்முறை தகடு மாற்றப்படவில்லை. ஹப்பின் முகம் கம்பித் தூரிகையால் இரும்பு மினுங்கும்வரை சுரண்டப்பட்டது. தகடுகள் மெல்லச் சீவப்பட்டுப் பொருத்தப்பட்டன. கடிகாரம் போன்ற முகமுடைய அளவுகருவியைத் தகட்டின்மேல் ஊன்றி, சில்லைக் கையாற் சுழற்றி, முள் எவ்வளவு அசைகின்றது என்பதை ஆசிரியருக்கே காட்டினார். புதிய ஊசிகள், புதிய பாட்டுகள், புதிய எண்ணெய். இறுதியாக, சில்லின் நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறுக்கே, ஒரே அளவு இறுக்கத்துடன் பூட்டினார். நட்டுகளைக் கண்டபடி இறுக்கினாலும் தகடு கோணி அமருமென்றார். மூன்று சோடித் தகடுகளின் விலையோடு ஒப்பிட அன்றைய கூலி சொற்பமே.

புறப்படும்போது பாஸ் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஏறுற கியர்லதான் சேர் எறங்கணும்." மலைப்பாதைச் சாரதிகள் மத்தியில் மிகப் பழைய விதி அது. ஆசிரியரும் இளமையிற் கேட்டதே. பின் எவ்வாறு அது மறந்துபோயிற்று?

அதற்கு விடை 2022 ஆம் ஆண்டிலே உள்ளது. அவ்வாண்டு சூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஏனையோருக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரும் பின்னரும் இரவுபகலாக வரிசைகள் நீண்டிருந்தன. யூலையில் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்து, வானுக்கு வாரமொன்றுக்கு 20 லீற்றர் எனப் பங்கீடு விதிக்கப்பட்டது. ஆசிரியர் இரண்டு இரவுகளை வானுக்குள்ளேயே கழித்துப் பெற்றோல் பெற்ற நாட்களும் உண்டு. மனைவியின் கண்ணுக்கான மருத்துவம் அவருக்கு லீற்றர்க் கணக்காகவே தோன்றியது. அந்நாளிலேதான், எண்பதுகளில் பழைய வாகனமொன்றில் கற்றுக்கொண்ட வித்தை நினைவுக்கு வந்தது: இறக்கத்திலே கியரை விடுவித்து நியூட்றலில் ஓடவிட்டால் பெற்றோல் மிச்சமாகும். பங்கீட்டு முறை 2023 செப்டெம்பரிலே கைவிடப்பட்டது. பஞ்சம் நீங்கிய பின்னரும் பஞ்சத்திலே பழகிய கை பழக்கத்தை விடவில்லை.

அன்றிரவு வீடு திரும்பியதும் ஆசிரியர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆட்களோடு வானின் நிறை 1,500 கிலோகிராம் எனக் கொண்டால், 1,350 மீற்றர் இறங்கும்போது அது இழக்கும் அழுத்தசக்தி ஏறத்தாழ 2 கோடி யூலாகும். 20 பாகையிலுள்ள 60 லீற்றர் நீரைக் கொதிக்கவைக்க அது போதும். காற்றும் பாதையும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியர் பூட்டியிருந்தால் என்ஜினும் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். என்ஜினை விலக்கிவிட்டால், எஞ்சியது முழுவதும் சில கிலோகிராம் இரும்பின் தலைமேலேயே விழுகின்றது. மாணவருக்கு எத்தனையோ தடவை கரும்பலகையிலே விளக்கிய கணக்கு இது. தாம் அன்றாடம் இறங்கும் மலைக்கு அதனைப் பொருத்திப் பார்க்க அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இன்னும் ஓர் உண்மை அவரை அதிகம் உறுத்தியது. எண்பதுகளின் காபரேற்றர் என்ஜினுக்கு அவருடைய வித்தை ஓரளவு பொருந்தும். இன்றைய என்ஜின்களில் பெற்றோல் தெளிக்கப்படுவதை ஒரு கட்டுப்பாட்டுக் கருவி ஆளுகின்றது. கியர் பூட்டியபடி இறங்குகையில் சாரதி அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால், சில்லுகளே என்ஜினைச் சுழற்றுவதனால் பெற்றோல் தெளிப்பே நின்றுவிடும். நியூட்றலிலோ என்ஜின் நின்றுவிடாமலிருக்கத் தொடர்ந்து பெற்றோல் வேண்டும். சேமிக்கின்றோம் என்று எண்ணி அவர் மூன்று சோடித் தகடுகளை இழந்தார்; ஐந்து உயிர்களை ஒரு வளைவின் விளிம்புவரை கொண்டுசென்றார்; எதனைச் சேமிக்க எண்ணினாரோ அந்தப் பெற்றோலையும் சேமிக்கவில்லை.

இதனைக் கொண்டு அவரை ஏளனஞ் செய்வது முறையாகாது. வறுமை மக்களுக்குக் கற்பிக்கும் சிக்கனங்களுட் சில மெய்யானவை. சில சிக்கனத்தின் தோற்றம் மட்டுமே உடையவை. வரிசையில் நிற்பவனுக்கு இரண்டையும் பிரித்தறிய அவகாசம் கிடைப்பதில்லை. ஊர்க் கராஜின் மெக்கானிக்கையும் முற்றாகக் குறைகூற இயலாது. ஆட்டங்காணும் தகட்டை மாற்றித் தருமாறு கேட்டவர்களுக்கு அவர் தகட்டை மாற்றிக் கொடுத்தார். துருவையும் ஊசியையும் அவர் பார்த்திருக்கவேண்டும் என்பது உண்மையே. ஆனால் அவரிடம் வானைக் கொடுத்தவர்கள் பழுதின் பெயரைக் கேட்டார்களேயன்றி அதன் வரலாற்றைச் சொல்லவில்லை. 'வளைந்துவிட்டது' என்ற ஒரு பெயர் கிடைத்ததும் எல்லாரும் தேடலை நிறுத்திக்கொண்டனர். வரலாற்றை அறிந்திருந்தவர் ஒருவரே. அவரைச் சும்மா இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த தவணைக்குக் கண்டிக்கு இறங்கியபொழுது லபுக்கலைக்கு முன்னதாகவே ஆசிரியர் இரண்டாம் கியரை இட்டார். என்ஜின் உறுமியது. பிறேக்கைத் தொடர்ந்து மிதித்திராமல், தேவைப்பட்ட இடத்தில் உறுதியாகப் பிடித்து உடனே விட்டார். றம்பொடை கடந்ததும் வானை ஓரமாக நிறுத்தி, சில்லருகே கையைக் கொண்டுபோய் வெப்பத்தைப் பார்த்தார். திரும்பி வந்து அமர்ந்ததும் மனைவியிடம், "ஆட்டம் இருந்திச்சா?" என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளில் அவ்வினாவை அவர் அம்மையாரிடம் கேட்டது அதுவே முதன்முறை. "இல்ல. சத்தம்தான் பெருசா இருக்கு. அது பரவாயில்ல" என்றார் அம்மையார்.

அவ்வாண்டு மே 11 ஆம் திகதி அதே பாதையில் கெரண்டிஎல்ல என்னுமிடத்தில் பேருந்தொன்று பள்ளத்திலே வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் காரணம் எதுவாயினும், அவ்விடத்தைக் கடக்கும்போது வானுக்குள் இருந்தோர் பேச்சை நிறுத்திக்கொண்டனர். மகன் தொலைபேசியில் மீண்டும் டிரைவர் பேச்சை எடுத்தான். தந்தை கோபிக்கவில்லை. ஒருமுறை வந்து பக்கத்தில் இருந்து பார்க்கும்படி கூறினார். மகன் வந்தான், பார்த்தான், அதன்பின் அப்பேச்சை எடுக்கவில்லை. ஆயினும் இரவுப் பயணம் வேண்டாமென்று இருவரும் உடன்பட்டனர். அறுபத்தெட்டு வயதின் உரிமையை மகனும், அதன் எல்லையைத் தந்தையும் ஏற்றுக்கொண்டனர்.

பத்தாம் மாதத்தில் கம்பளையிலே தகடுகள் மீண்டும் அளக்கப்பட்டன. முள் ஏறத்தாழ அசையாது நின்றது. பாஸ் அதனை அம்மையாருக்கும் காட்ட விரும்பினார். ஆனால் அவரால் முள்ளைக் காண இயலாதென்பது நினைவுக்கு வர, அவருடைய விரலைப் பிடித்துச் சுழலும் சில்லின் விளிம்பில் மெல்ல வைத்துக் காட்டுமாறு ஆசிரியரிடம் கூறினார். சில்லு மெதுவாகச் சுழன்றது. அம்மையார் சிறிது நேரம் கவனமாக இருந்துவிட்டு, சரியாயிருக்கின்றது என்று தலையசைத்தார். அதன் பின்னரே ஆசிரியர் கூலியைக் கொடுத்தார்.